இரைகின்ற கணனியும் இரவுத் தூக்கமும்

சென்ற வருடம் ஒரு நாள் நடுச்சாமம். தண்ணீர் குடிப்பதற்காக எழும்பிக் குசினிக்குப் போனேன். லைட்டைப் போட்டதும் திடுக்கிட்டுப் போனேன். அடுப்படிச் சுவரோரமாகப் பாயை விரித்து என் உம்மா படுத்திருந்தார்.

"என்ன உம்மா, இங்க வந்து படுத்திருக்கிறீங்க?"

"சத்தம் போடாதீங்க மகள். புள்ள படிக்கிறா. அந்தப் பெட்டிட இரைச்சல் என்ட தலைக்குள்ளேயே கேக்குது. இங்க நல்ல காத்து வருது, நான் நல்லாத் தூங்குவேன்."

ஜன்னல் பூட்டிக் கிடந்த குசினியில் என்ன காற்று வரப் போகிறது!

எங்கள் வீடு சிறியது. முன் ஹோலின் ஒரு பக்கத்தில் உம்மாவின் கட்டில். மறுபக்கத்தில் மகளின் மேசையும் கணனியும். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுடைய வகுப்புகளில் பாதி இரவு எட்டு மணிக்குப் பிறகு கணனியில்தான் நடக்கும். அது முடிந்து கடந்தகால வினாத்தாள்களுடன் உட்கார்ந்தால் பன்னிரண்டு மணியாகிவிடும். அவ்வளவு நேரமும் அந்தக் கணனி, சோறு வடிக்கும் நேரத்தில் குக்கர் இரைவதைப் போல இரைந்துகொண்டே இருக்கும். நாங்கள் பழகிவிட்டோம். உம்மா பழகவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லோரும் படுத்த பின் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போயிருக்கிறார். ஒரு மாதமாக!

காலையில் விஷயம் தெரிந்ததும் மகள் அழுதுவிட்டாள். "இனி நான் ராவைக்குக் கணனியப் போடவே மாட்டன் உம்மா" என்றாள். சொன்னபடி மூன்று நாள் இரவு வகுப்பையும் விட்டுவிட்டாள். பேத்திக்காகப் பாட்டி தூக்கத்தை விட்டார்; பாட்டிக்காகப் பேத்தி படிப்பை விடப் பார்த்தாள். இருவரிலும் பிழையில்லை. பிழை எங்கே இருந்தது தெரியுமா? உள்ளங்கை அளவான ஒரு பிளாஸ்டிக் விசிறியில்!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு திருத்தும் கடைக்குப் போனோம். திறந்துகூடப் பார்க்காமல், "ராத்தா, இது பழசு. பழசானா இப்பிடித்தான் இரையும். புதுசு ஒண்டு எடுங்க" என்றார்கள். புதிது வாங்க எங்களிடம் பணம் இருக்கவில்லை. பின்னர் என் மூத்த ராத்தாவின் மகன் ஊருக்கு வந்தபோது பெட்டியைத் திறந்து காட்டினான். "சாச்சி, கணனிக்கு ஒண்டுமில்ல. அதுக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான்" என்றான். அன்று அவனிடம் கற்றதையும், பிறகு நானும் மகளும் செய்து பழகியதையும் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விசிறி எதற்கு?

கணனி எடுக்கும் மின்சாரத்தில் அநேகமாக முழுவதும் கடைசியில் சூடாகவே வெளியேறுகிறது. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். கொம்பனி தனது முதலாவது பேர்சனல் கொம்பியூட்டரை விற்பனைக்கு விட்டபோது, அதன் மூளையாகிய சிப்புக்குத் தனி விசிறி கிடையாது. மின்சாரம் வழங்கும் பவர் சப்ளைப் பெட்டிக்குள் இருந்த ஒரு விசிறியே போதுமாக இருந்தது. 1993இல் இன்டெல்லின் பென்டியம் சிப் வந்தபோது, அதிலிருந்து சுமார் 15 வாட் சூடு கிளம்பியது. 2004ஆம் ஆண்டளவில் வந்த பென்டியம் 4 வகைகளில் சில 100 வாட்டையும் தாண்டின. முன்பு நம் வீடுகளில் எரிந்த 100 வாட் குண்டு பல்பைத் தெரியாமல் தொட்டவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவு சூடும் ஒரு பிஸ்கட்டிலும் சிறிய சிப்பில் இருந்து வருகிறது!

அந்தச் சூட்டை இழுத்தெடுப்பதற்காகச் சிப்பின் மேல் மெல்லிய தகடுகளை அடுக்கிய ஒரு உலோகத் துண்டு வைக்கப்படுகிறது. அதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். அதன் மேல் ஒரு விசிறி. பெட்டியின் பின்புறம் சூட்டுக் காற்றை வெளியே தள்ள இன்னொன்று. முன்புறம் குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கச் சில பெட்டிகளில் மற்றொன்று. பவர் சப்ளைக்குள் ஒன்று. ஆக, சாதாரண வீட்டுக் கணனி ஒன்றில் மூன்று நான்கு விசிறிகள் சுற்றுகின்றன.

"இரைச்சல் வேண்டாமென்றால் விசிறியைக் கழற்றிவிட்டால் என்ன?" என்று என் மகள் கேட்டாள். அப்படியும் ஒரு கொம்பனி செய்து பார்த்திருக்கிறது. 1980இல் அப்பிள் கொம்பனி, ‘அப்பிள் 3’ என்ற கணனியை விசிறியே இல்லாமல் வெளியிட்டது. சத்தமில்லைதான். ஆனால் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கின. வேறு குறைகளோடு உள்ளே தேங்கிய சூடும் அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. முதலில் விற்ற சுமார் 14,000 கணனிகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதே கொம்பனி 2002இல் வெளியிட்ட பவர் மெக் ஜி4 என்ற கணனியோ மறு எல்லைக்குப் போனது. அது போட்ட சத்தத்தைக் கேட்டு மக்கள் அதற்குக் ‘காற்றுச் சுரங்கம்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். முறைப்பாடுகள் குவிந்தன. 2003இல் அந்தக் கொம்பனியே சத்தம் குறைந்த விசிறியையும் பவர் சப்ளையையும் 19.95 டொலருக்கு மாற்றிக் கொடுத்தது. கணனியை மாற்றவில்லை, விசிறியையும் பவர் சப்ளையையும்தான் மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எனவே விசிறியை நிறுத்துவது வழியல்ல. அதை ஆறுதலாகச் சுற்ற விடுவதுதான் வழி.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

உலக சுகாதார ஸ்தாபனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலில், தூக்கம் கெடாமலிருக்கப் படுக்கையறையில் தொடர்ச்சியாகக் கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைக்கு அது சொல்லும் எல்லை 35 டெசிபல். இரவு அமைதியில் 30 டெசிபல் என்பது காதோடு பேசும் இரகசியம் அளவுதான். இரைகின்ற கணனி இந்த எல்லையை இலேசாகத் தாண்டிவிடும். ஆகவே ‘வயதானால் இப்படித்தான், சின்னச் சத்தத்துக்கும் தூக்கம் வராது’ என்று பெரியவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

இதில் நமக்கு நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு விசிறியின் சுற்று வேகம் பாதியானால் அதன் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது பொறியியலாளர்களின் கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போலத் தோன்றும். கொஞ்சம் வேகம் குறைந்தாலும் பலன் பெரிது.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

எந்த விசிறி இரைகிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. கடதாசி மட்டையை நீளக் குழலாகச் சுருட்டுங்கள். கணனியின் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே எதிலும் படாமல் குழலின் ஒரு முனையை ஒவ்வொரு விசிறிக்கும் நேரே பிடித்து, மறுமுனையில் காதை வையுங்கள். குற்றவாளி எதுவென்று உடனே தெரிந்துவிடும்.

‘ஊ...’ என்று காற்று ஊதும் சத்தமென்றால் விசிறி வேகமாகச் சுற்றுகிறது, தூசு அடைத்திருக்கிறது என்று பொருள். போட்டவுடன் ‘கரகர’ என்று கத்தி, சூடேறியதும் குறைந்தால் பேரிங் காய்ந்து தேய்ந்துவிட்டது. ‘டர்ர்’ என்று ஒரே சீராக உரசினால் ஏதோ வயர் இதழில் படுகிறது. கையால் பெட்டியை அழுத்தியதும் சத்தம் நின்றால், அது தகரமோ மேசையோ அதிரும் சத்தம். இதற்குக் காசு செலவில்லை. பழைய பாட்டா செருப்பை வெட்டி நான்கு மூலைக்கும் அடியில் வைத்தால் போதும்.

‘டிக்... டிக்...’ என்று விட்டு விட்டுத் தட்டும் சத்தம் கேட்டால் மாத்திரம் கவனம். அது விசிறியாக இல்லாமல் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். அப்படியானால் வேறு எந்த வேலைக்கும் முன், பிள்ளைகளின் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொன்றில் பிரதி எடுத்துவிடுங்கள்.

தூசு தட்டுவதே பாதி வைத்தியம்

எங்கள் பெட்டியைத் திறந்தபோது, ஹீட் சிங்க் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையில் கம்பளித் துண்டு போலத் தூசு படிந்திருந்தது. காற்றுப் போக வழியே இல்லை. காற்றுப் போகாததால் சிப் சூடேறுகிறது. சூடேறியதும் கணனி, "இன்னும் வேகமாகச் சுற்று" என்று விசிறிக்குக் கட்டளையிடுகிறது. விசிறி வேகமெடுக்க எடுக்க இரைச்சல் கூடுகிறது. அந்த இரைச்சல் வயது போனதால் வந்ததல்ல, மூச்சுத் திணறலால் வந்தது.

துப்புரவு செய்யும் முறை இதுதான். கணனியை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பிறகு கணனியின் போடும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் பெருமளவு இறங்கிவிடும். கைகளில் உள்ள வளையல், மோதிரங்களைக் கழற்றுங்கள். முந்தானையை இறுக்கிச் செருகுங்கள். பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் போய்விடும். நைலோன் உடுப்போடு இந்த வேலையைச் செய்யாமலிருப்பது நல்லது.

பெட்டியை வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய், புதிய மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தட்டுங்கள். தட்டும்போதும் ஊதும்போதும் விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்ற விட்டால் பேரிங் கெடும். வீட்டுத் தூசு உறிஞ்சும் மெஷினை உள்ளே விடாதீர்கள். அதன் குழாயில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்களைக் கெடுத்துவிடலாம். ஈரத் துணியும் வேண்டாம்.

சில வீடுகளில் கணனி அழுக்காகக் கூடாதென்று அழகான லேஸ் துணி போட்டு மூடியிருப்பார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். கணனி ஓடாத நேரத்தில் அது நல்லது. ஓடும்போது துணி மூடியிருந்தால், நாம் அதற்குப் போர்வை போர்த்தி ஓடச் சொல்கிறோம் என்று அர்த்தம். சுவரில் இருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். தரை விரிப்பின் மேல் வைக்காதீர்கள்.

தூசு தட்டிய அன்றே எங்கள் வீட்டு இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மிஞ்சியது பின்பக்க விசிறியின் ‘கரகர’ சத்தம். அதை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

எந்த விசிறி வாங்குவது?

கடையில் ‘கூலிங் ஃபேன்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் பழையதின் அளவு தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டி வரும். சட்டத்தின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். 80, 92, 120, 140 மில்லிமீற்றர் என்பவை வழமையான அளவுகள். தடிப்பு பெரும்பாலும் 25 மில்லிமீற்றர். வயரின் முனையில் எத்தனை துளைகள் என்று பாருங்கள். மூன்று இருக்கலாம், நான்கு இருக்கலாம். நான்கு துளை உள்ளதன் வேகத்தைக் கணனி தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும். கழற்றுவதற்கு முன் டெலிபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் கடைக்காரருக்கும் காட்டலாம், திருப்பிப் பூட்டவும் உதவும்.

பெட்டியில் இடமிருந்தால் பெரிய விசிறியையே பூட்டுங்கள். 120 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பு 80 மில்லிமீற்றர் விசிறியைப் போல இரண்டேகால் மடங்கு. ஆகவே அதே அளவு காற்றைத் தள்ள அது ஆறுதலாகச் சுற்றினால் போதும். சிறிய பனை விசிறியால் படபடவென்று வீசுவதற்கும், பெரிய விசிறியால் நிதானமாக வீசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பேரிங் வகையையும் கேளுங்கள். ‘ஸ்லீவ்’ வகை மலிவு. புதிதில் அமைதியாக இருக்கும், சூட்டில் எண்ணெய் காய்ந்ததும் கத்தும். ‘போல்’ பேரிங் நீண்ட காலம் உழைக்கும், மெல்லிய சத்தம் உண்டு. ‘ஃப்ளூயிட்’ பேரிங் அமைதியும் நீண்ட உழைப்பும் உள்ளது, விலை சற்றுக் கூட. ஒஸ்ரியா நாட்டின் நொக்டுவா கொம்பனியின் மண்ணிற விசிறிகள் அமைதிக்குப் பெயர்போனவை, விலையும் அப்படியே. வீட்டுக் கணனிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 120 மில்லிமீற்றரில், நிமிடத்துக்கு 1,200 சுற்றளவில் ஓடும் நடுத்தர விலை விசிறி போதுமானது. நாங்கள் வாங்கியதும் அதுதான்.

உடனே வாங்க வசதியில்லை என்றால் தற்காலிகமாக ஒரு கைவைத்தியம் உண்டு. சில ஸ்லீவ் வகை விசிறிகளில் நடு ஸ்டிக்கரை உரித்தால் அச்சு தெரியும். அதில் தையல் மெஷின் எண்ணெய் ஒரேயொரு துளி விட்டால் கொஞ்ச காலம் சத்தமில்லாமல் ஓடும். தேங்காய் எண்ணெய் மாத்திரம் வேண்டாம்! அது பிசினாகித் தூசைப் பிடித்து, இருந்ததையும் கெடுத்துவிடும்.

மாற்றும் முறை

முன்சொன்னது போல மின்சாரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். பெட்டியின் பின்பக்க விசிறியை நான்கு திருகாணிகள் பிடித்திருக்கும். அதன் வயர் மதர்போட்டில் எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்து, வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் முனையைப் பிடித்துக் கழற்றுங்கள். திருகாணிகளைக் கழற்றும்போது மறுகையால் விசிறியைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

புதியதை எந்தப் பக்கம் பார்த்துப் பூட்டுவது என்பதில்தான் பலர் தவறுவார்கள். விசிறியின் ஒரு பக்கத்தில் இதழ்கள் திறந்தபடி இருக்கும். மறுபக்கத்தில் நடு மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் கைகள் இருக்கும். காற்று அந்தக் கைகள் உள்ள பக்கமாகத்தான் வெளியேறும். பின்பக்க விசிறியில் அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். பூட்டிய பின் கணனியைப் போட்டு, மெல்லிய டிஷூத் துண்டைப் பின்னால் பிடியுங்கள். அது வெளிப்பக்கம் பறந்தால் சரி.

திருகாணிகளுக்குப் பதிலாக ரப்பர் முளைகள் கிடைத்தால் அதிர்வு இன்னும் குறையும். வயரை ஒதுக்கிக் கட்டிவிட மறக்காதீர்கள்.

சிப்பின் மேலுள்ள விசிறி கெட்டிருந்தால், அது கிளிப்பில் தனியாகக் கழலும் வகையானால் இதே போல மாற்றலாம். ஹீட் சிங்க்கையும் சேர்த்துக் கழற்ற வேண்டி வந்தால் பழைய பசையைத் துடைத்துப் புதிய ‘தேர்மல் பேஸ்ட்’ பூச வேண்டும். அதைப் பழக்கமுள்ள ஒருவரிடம் விடுவதே நல்லது. அந்த விசிறி இல்லாமல் கணனியை ஒருபோதும் ஓட விடாதீர்கள்.

தொடக்கூடாத ஒரு பெட்டி

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரைச்சல் பவர் சப்ளைக்குள் இருந்து வந்தால் அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்தப் பெட்டிக்குள் உள்ள கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் சேமிக்கப்பட்டிருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். உயிரைப் பறிக்கக் கூடியது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அதன் விசிறி கெட்டால் பவர் சப்ளையை முழுதாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு. மற்றைய விசிறிகள் ஓடுவது வெறும் 12 வோல்ட்டில் என்பதால் அங்கே இந்த ஆபத்து இல்லை.

எல்லாம் முடிந்த பின் ஒரு வாரத்துக்குக் கணனியைக் கவனியுங்கள். தானாக நின்று போனாலோ, வேலை மந்தமானாலோ சூடு வெளியேறவில்லை என்று அர்த்தம். சத்தம் குறைந்தால் மட்டும் போதாது, சூடும் குறைய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசு தட்டினால் போதும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்வதால் இன்னும் அடிக்கடி பாருங்கள்.

எங்கள் வீட்டு விசிறியை மாற்றியது என் மகள்தான். நான் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஸ்குரூ டிரைவர், நான்கு திருகாணிகள், இருபது நிமிட வேலை.

அன்றிரவு மகள் வகுப்பு முடிந்து கேள்விகள் செய்துகொண்டிருந்தாள். உம்மா தன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சற்று நேரத்தில் தலையைத் தூக்கிக் கேட்டார்:

"என்ன புள்ள, இண்டைக்கும் கணனியப் போடல்லையா? எனக்காகப் படிப்ப விடாதீங்க மகள்."

மகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போட்டுத்தான் இருக்கு உம்மும்மா. நீங்க தூங்குங்க."